ஜாம் போத்தல் விளக்கு: கெட்ட காலத்தில் சந்தோஷம் எங்கிருந்து வந்தது?

2022 ஏப்ரல் 1, வெள்ளி (கேள்வி)

நேற்று 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் ஓர் அறை. மோட்டர் ஓடாததால் தண்ணீரும் ஏறவில்லை. எனக்கு 23 வயது. ஊரிலிருக்கும் அப்பாவிடம் சொன்னால், "இதெல்லாம் ஒரு கஷ்டமா? நாங்கள் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தோம்" என்கிறார். கேட்டால் ஆறுதல் வரவில்லை, அழுவதற்கும் வெட்கமாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தீர்களா? எதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினீர்கள்? "நம்பிக்கை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

2022 ஏப்ரல் 2, இரவு

ஊரடங்கு போட்டிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லை, எழுதுகிறேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். 1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடியும் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. அந்த மாதமே கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. மின்சாரம் போனது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் ஏறின. முதல் சில மாதம், இன்று வரும் நாளை வரும் என்று சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுப் பார்ப்போம். பிறகு அது சுவரில் இருப்பதே மறந்துபோனது.

விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அரிக்கன் லாம்பு அதைக் குடித்துத் தீர்த்துவிடும். அதனால்தான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. யார் கண்டுபிடித்தார்களோ, ஒரே மாதத்தில் குடாநாடு முழுக்க அதுதான் எரிந்தது. காலியான ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து வெட்டியெடுத்த வால்வுக்கட்டைக்குள் திரி. அதைப் பஞ்சில் முட்டும்படி கம்பியால் நிறுத்திவைக்க வேண்டும். காற்றடித்தாலும் அணையாது, போத்தல்தான் சிமினி. சுடர் ஒரு நெல் அளவு இருக்கும்.

அந்த நெல்லளவு வெளிச்சத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் படித்தோம். ஒரு நாள் எங்கள் வீட்டு எண்ணெய், மறுநாள் பக்கத்து வீட்டு எண்ணெய். சோதனை எடுக்கப்போகிற பிள்ளைக்கு விளக்குக்கு மிக அருகில் இடம். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எடுத்த வருடம் ஆறு மாதம் அந்த இடத்தில் இருந்தேன். பிறகு பின்வரிசைக்குப் போனபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

போத்தல் துடைப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் கரி பிடிக்கும். அந்தச் சிறிய வாய்க்குள் வீட்டில் என் கை மட்டும்தான் போகும். சாம்பலும் பழைய கடதாசியும் போட்டுத் துடைத்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்து, பின்னேரம் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. நீங்கள் கேட்ட சந்தோஷத்துக்கு என்னிடம் இருக்கிற முதல் பதில் இந்தக் கண்ணாடிதான். நாளைக்கு என்ன நடக்கும் என்பது என் கையில் இருக்கவில்லை. இன்றிரவு விளக்கு தெளிவாக எரியுமா என்பது என் கையில் இருந்தது.

2022 ஏப்ரல் 3

திருத்தம். பருத்தித்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் சொல்வது சரி. எண்ணெய் பஞ்சின்மேல் தேங்கி நிற்கக்கூடாது, பஞ்சு நனையும் அளவுதான் விட வேண்டும். அப்போதுதான் போத்தல் சரிந்தாலும் எண்ணெய் ஊற்றாது, தீப்பிடிக்காது. பஞ்சு போடுவதே அதற்குத்தான். இரண்டு மேசைக்கரண்டி என்று எழுதியதை யாரும் அப்படியே செய்துவிடாதீர்கள்.

2022 ஏப்ரல் 9

விளக்கோடு நிறுத்தியிருக்கக்கூடாது. வானொலியும் இருந்தது.

பற்றரி இல்லை. கையில் இருந்த பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டுவார்கள், அதற்கும் எல்லை உண்டு. பிறகு சைக்கிள் டைனமோ. சைக்கிளை விறாந்தையில் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வயர் வானொலிக்குப் போகும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. முற்றத்தில் ஏழெட்டு ஆண்கள் குந்தியிருப்பார்கள், அம்மாமார் வாசற்படியில். சுற்றுவது பிள்ளைகள், முறை வைத்து. வேகம் குறைந்தால் குரல் மெலிந்து போகும், உடனே "சுற்று, சுற்று" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும்.

அப்போது உலகச் செய்தி முழுவதும் என் வலது கையில் இருந்தது. நான் நிறுத்தினால் லண்டன் நின்றுவிடும். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? வந்த செய்தி பெரும்பாலும் சாவுச் செய்திதான். எங்கள் குடாநாட்டில் எங்கே குண்டு விழுந்தது என்பதை லண்டனிலிருந்து கேட்டு அறிந்தோம். தெரிந்த ஊர்ப்பெயர் வந்தால் முற்றமே மூச்சுவிடாது. அப்போதும் கை சுற்றிக்கொண்டே இருக்கும். சந்தோஷமும் பயமும் மாறிமாறி வரவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் இருந்தன. உங்கள் அப்பா "சந்தோஷமாகத்தான் இருந்தோம்" என்று சொல்வதில் பாதியைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மற்றப் பாதி அவருக்கு வாயில் வராது.

2022 ஏப்ரல் 14

புத்தாண்டு. சமையல் எரிவாயு இல்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து, பொச்சுமட்டையும் கங்குமட்டையும் எரித்துப் பொங்கினோம். மகளுக்கு ஊதத் தெரியவில்லை, புகை முழுவதும் அவள் கண்ணில். பிறகு பழகிவிட்டாள். பழகியபின் அவளை அடுப்பிலிருந்து எழுப்ப முடியவில்லை.

2022 ஏப்ரல் 17

பனம்பழக் கதையைச் சொல்லும்படி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். பழத்தைப் பிசைந்தால் நுரைப்பது போல வரும், அழுக்கும் போகும். பள்ளிக்கூட வெள்ளை உடுப்புக்கு ஒரு மெல்லிய மஞ்சள் ஏறும், எல்லோருக்கும் ஏறியதால் யாருக்கும் தெரியவில்லை. பிரச்சினை வாசனையில் இருந்தது. வேலியில் காயப்போட்டால் மாடு வந்து பழமென்று நினைத்துச் சப்பிவிடும். எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு நாள் வலது கையில் பாதி இல்லாத சேட்டோடு வகுப்புக்கு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கையைத் தூக்கிக் காட்டி, "ஆசிரியரை மாடு மேய்ந்தது, இதில் செயப்படுபொருள் எது?" என்று கேட்டார். வகுப்பு வெடித்துவிட்டது. மேலே விமானம் ஏதும் சுற்றுகிறதா என்று பார்க்கக்கூட மறந்து சிரித்தோம். செயப்படுபொருள் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. நானும் இப்போது தமிழ்தான் படிப்பிக்கிறேன்.

மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பெற்றோலை ஒரு மருந்துப் போத்தலில் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள், அத்தர் போல. தெருவெங்கும் நீலப் புகை. பழைய ஒஸ்ரின் கார்களும் அப்படித்தான் ஓடின. எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்த ஐந்து வருடம் ஒரு பல்கலைக்கழகம்.

2022 ஏப்ரல் 18

"வறுமையையும் யுத்தத்தையும் அழகாக்கிக் காட்டுகிறீர்கள். செத்தவர்களின் மேல் நின்று மாட்டுக் கதை சொல்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. கோபத்தில் ஒரு நீண்ட பதில் எழுதி அழித்துவிட்டேன். காலையில் அம்மாவிடம் கேட்டேன். எங்களோடுதான் இருக்கிறார், 71 வயது. நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். விளக்குப் பகுதி முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"உங்களுக்கு அது விளக்கு. எனக்கு அது மண்ணெண்ணெய்" என்றார்.

அதற்குமேல் அவராகச் சொன்னவற்றை அப்படியே வைக்கிறேன். கூப்பன் அட்டையோடு அதிகாலை நான்கு மணிக்குச் சங்கக்கடை, அதாவது கூட்டுறவுக் கடை, வரிசைக்குப் போவாராம். நாங்கள் எழும்பும்போது திரும்பிவிடுவதால் எங்களுக்குத் தெரியாது. சங்கிலி விற்றது எனக்குத் தெரியும், காப்பு விற்றது இன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதை ஒரு விளையாட்டாக நினைவில் வைத்திருக்கிறேன். எங்களுக்குத் தந்தபின் அவருக்குப் பனங்கட்டி மிஞ்சாது, வெறுந்தேநீரைத்தான் குடித்தார். வானொலி இரவுகளில் அவர் செய்தியைக் கேட்கவே இல்லையாம். தூரத்தில் விமானச் சத்தம் கேட்கிறதா என்றுதான் காதை வைத்திருந்தாராம். எங்களை எந்த வரிசையில் பதுங்குகுழிக்குள் இறக்குவது என்று ஒவ்வொரு இரவும் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பாராம். தம்பி முதல், பிறகு நான், பிறகு அப்பம்மா.

ஆகவே எழுதியவரே, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏப்ரல் 2ஆம் திகதி நான் எழுதியது ஒரு பிள்ளையின் கணக்கு. அந்தச் சந்தோஷத்துக்கு வேறொருவர் காசு கட்டியிருக்கிறார். மாட்டுக் கதையைத் திரும்பப் பெறமாட்டேன், அது நடந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே இதையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரல் 18, பின்னேரம்

அம்மா பின்னால் வந்து, "எனக்கும் ஒன்று இருந்தது, அதையும் எழுது" என்கிறார்.

பதுங்குகுழிக்கு மேல் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, அதற்குமேல் தோண்டிய செம்மண்ணைக் குவித்திருந்தோம். அந்த மண்ணில் அவர் பூசணி விதை போட்டாராம். குழியை மறைக்கத்தான் போட்டார், பச்சையாக இருந்தால் மேலிருந்து தெரியாது என்று. அது படர்ந்து, வாசலை மூடி, காய்க்கத் தொடங்கிவிட்டது. காலையில் அடுப்பு மூட்டுமுன் போய் எத்தனை பூ விரிந்திருக்கிறது என்று எண்ணிவிட்டு வருவாராம். "எண்ணுகிற அந்த நேரத்தில் எனக்குப் பயம் இருக்கவில்லை" என்றார். பூசணிக்காய் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. எண்ணியது தெரியாது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு முறைகூட நான் கேட்கவில்லை.

2022 ஜூன் 28

இரண்டு மாதம் எழுத முடியவில்லை. எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடியிருக்கிறார்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அந்த விலைக்கும் கிடைப்பதில்லை. அரசாங்க ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டிருக்கிறார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "முப்பது வருடம் கழித்து அரசாங்கத்துக்குப் பூசணி தெரிந்திருக்கிறது" என்றார்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் இடம் பிடித்துக்கொடுத்ததையும் தேநீர் பகிர்ந்ததையும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படி ஓர் இரவு கிடைத்தது. யாரென்றே தெரியாத ஒரு அம்மா, கேட்காமலே புட்டும் சம்பலும் வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். ஆனால் இதே வருடம் இதே வரிசைகளில் முதியவர்கள் வெயிலில் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். அந்தப் புட்டை நான் மறக்கமாட்டேன். வரிசை நல்லது என்று சொல்லவும் மாட்டேன். புட்டைத் தந்தது ஒரு மனுஷி, வரிசை தரவில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே இருட்டு, அதனால் தாங்கமுடிந்தது, இப்போது ஒரு வீட்டில் ஜெனரேற்றர் ஓடுகிறது, அடுத்த வீடு இருட்டு என்று எழுத நினைத்து உட்கார்ந்தேன். எழுதும்போதே அது பிழை என்று தெரிகிறது. வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டில் அப்போதும் பால்மா இருந்தது. புலிகளிடம் பாஸ் எடுத்துக் கிளாலிக் கடலைத் தாண்டி வெளியேற முடிந்தவர்களும் இருந்தார்கள், முடியாதவர்களும் இருந்தார்கள். தாண்டும்போது இறந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் விறாந்தையில் மூன்று வீடு ஒரு விளக்கில் இருந்தது ஊர் சமமாக இருந்ததால் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமியும் அம்மாவும் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு வெட்டி, அந்த வழியால் பிள்ளைகளை அனுப்ப முடிவெடுத்ததால் நடந்தது. அந்தப் பொட்டு இப்போது மதில். 2011இல் நாங்கள்தான் கட்டினோம்.

2022 ஜூலை 30

பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்துவிட்டது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். இருபது வருடத்துக்குப் பிறகு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறேன். முதல் நாள் முழங்கால் வலித்தது. மூன்றாம் நாள், ஒழுங்கையில் ஒரு வீட்டில் இறால் வறுக்கும் வாசனை. மோட்டார் சைக்கிளில் போனால் அந்த வாசனை முடிந்தபின்தான் மூக்குக்கு வரும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

2022 ஓகஸ்ட் 23

நேற்று முதல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். விளக்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் கரையோரத்துப் படகுகளில் பாதிக்குமேல் ஓடுவது மண்ணெண்ணெய் இயந்திரத்தில். என் வகுப்பில் கடற்கரைப் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். நேற்றும் இன்றும் இரண்டு பேர் வரவில்லை. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது, வீதி முழுக்கச் சைக்கிள். நேற்று மாலை கோயில் வீதி மணலில் இருந்தபோது மனம் நிறைந்துதான் இருந்தது, அந்த இரண்டு பிள்ளைகளும் நினைவில் கூடவே இருந்தார்கள்.

இன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நோட்டுக் கொப்பிகளை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்களுடைய அப்பா வலை பொத்துவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்.

2022 ஒக்டோபர் 30

ஒருவர் கேட்டிருக்கிறார்: எந்த நிலையிலும் ஏதாவது ஒரு சந்தோஷத்தைத் தேடி எடுத்துவிடலாம் என்கிறீர்களா?

இல்லை. இன்றைக்கு 27 வருடம். 1995 ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்கி வந்தபோது, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பாலத்துக்குப் போக ஒரே தெரு. மழை. ஓரடி வைக்கப் பல நிமிடம். குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரைக் குடித்தார்கள். அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா தள்ளினார். விடியும்போதும் பாலம் வரவில்லை.

அந்த இரவைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் பாடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. யாரும் அதிலிருந்து எனக்கு ஒன்றை எடுத்துத் தரவேண்டாம். வெள்ளவத்தைத் தங்கை, ஏப்ரலில் கேள்வி கேட்டபிறகு, எழுந்திருக்கவே மனமில்லை என்றும் எழுதினீர்களே, அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. சில நாள் அப்படித்தான். அழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரையும்விடத் தைரியமான அம்மா அந்தப் பாலத்தில் சத்தமாக அழுதார்.

விளக்கு வீட்டிலேயே நின்றுவிட்டது. 1996இல் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, கதவு நிலைகள் இல்லை. பதுங்குகுழி இடிந்து தண்ணீர் நின்றது. பூசணி எங்குமில்லை.

2022 நவம்பர் 6

வெள்ளவத்தைத் தங்கை விளக்குச் செய்திருக்கிறார்! கீழ்மாடி ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "திரி நீளம்" என்று சொல்லி வெட்டிவிட்டு, ஒரு மணி நேரம் இருந்து தன் கலியாணக் கதையைச் சொல்லிவிட்டுப் போனாராம். இந்த வருடத்தில் நான் வாசித்தவற்றில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

படத்தைப் பார்த்து மகளும் கேட்டதால் நாங்களும் ஒன்று செய்தோம். இரண்டாம் நாளே கரி. பழக்கத்தில் போத்தலுக்குள் கையை விட்டேன், விரல்களோடு நின்றுவிட்டது. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். "தா, எனக்குப் போகும்" என்றாள்.

2022 நவம்பர் 7

வால்வுக்கட்டை எங்கே எடுப்பது என்று கேட்டவருக்கு: எந்தச் சைக்கிள் கடையிலும் ஒட்டுப்போட முடியாத பழைய ரியூப் கிடக்கும், கேட்டால் சும்மா தருவார்கள். திரிக்குப் பழைய வெள்ளைப் பருத்தித் துணி போதும். சாயத் துணி வேண்டாம், புகைக்கும். போத்தல் மூடியைப் போட்டு மூடிவிடாதீர்கள், அணைந்துவிடும். குழந்தைகள் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம்.

அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறார்: சாம்பல் போட்டுத் துடைத்தபின் நன்றாகக் காயவிட வேண்டுமாம், ஈரத்தோடு கொளுத்தினால் போத்தல் வெடிக்குமாம். இதை நான் ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும்.